ஐந்தாவது மகரந்தத்தாள்

ஜனவரி 9

அம்மாடி,

போனிலேயே பேசலாம்தான். ஆனால் போன வாரம் நீ பேசியதில் என் காதில் விழுந்தவை மொத்தம் மூன்று சொற்கள்: "அப்பா", "இல்லை", "வைக்கிறேன்". நடுவில் இருந்ததையெல்லாம் பிறகு உன் அம்மா காதருகில் கத்திச் சொன்னாள். "அந்தக் காது மெஷினை வெச்சுக்கிட்டா என்ன, கௌரவம் குறைஞ்சிடுமா?" என்கிறாள். வைத்தால் மின்விசிறி ரயில் மாதிரி கேட்கிறது, உன் அம்மா மின்விசிறி மாதிரி கேட்கிறாள். காகிதம் என்றால் யாரும் கத்த வேண்டியதில்லை.

காய்ந்த செடிகள் குடியிருக்கும் எங்கள் ஹெர்பேரியத்தில் இப்போது பாகப்பிரிவினை நடக்கிறது. இத்தனை காலம் பூவைக் கண்ணால் பார்த்து, இதழ் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று எண்ணி வைத்த அலமாரிகளை, இனி மரபணு சொல்கிறபடி மாற்ற வேண்டுமாம். எருக்கின் குடும்பத்தை அரளியின் குடும்பத்தோடு சேர்த்தாயிற்று. நாய்முகப்பூவின் பெரிய குடும்பம் சுக்குநூறாகி, ஆளுக்கொரு அலமாரிக்குப் போய்விட்டது. தாமரையும் அல்லியும் அக்கா தங்கை என்று நினைத்திருந்தேன். ஒரே குளத்தில் குடியிருந்ததைத் தவிர அவர்களுக்குள் எந்த உறவும் இல்லையாம். முப்பத்தொரு வருஷமாக ஷீட்டில் செடி ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

உன் கட்டுரை வந்த இதழைக் காப்பாளர் ஐயாவே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "உங்க பொண்ணு, உங்க ஷீட். ரெண்டும் நீங்க உருவாக்கினதுதான்" என்றார். பத்தாவது வரை படித்தவனுக்கு அந்த இங்கிலீஷ் எட்டுமா? உன் பெயரை மட்டும் படித்தேன், நான்கு தடவை. நாங்கள் இரவலாக அனுப்பிய ஷீட்டிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு செடியைக் கண்டுபிடித்திருக்கிறாய். அதை ஒட்டும்போது நான் அதைப் புல் என்றுகூட மதித்திருக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம். படத்தில் பூவைப் பிளந்து உள்ளே ஐந்து காம்புகள் காட்டியிருக்கிறாய். அந்தப் பூ கிளையிலேயே இருந்ததா, ஷீட்டின் மூலையில் உதிர்ந்ததைப் போட்டு வைக்கும் காகித உறையில் இருந்ததா? உறையில் என்றால் எத்தனை? சும்மா ஒரு ஆசைக்குக் கேட்கிறேன்.

அப்பா


ஜனவரி 20

அப்பா,

உங்கள் கடிதத்தை இங்கே பக்கத்து மேஜைக்காரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தாமரை, அல்லி இடத்தில் சிரித்துவிட்டாள்.

உறையில்தான். பதினொன்று. கிளையில் பூ ஒன்றுகூட இல்லை, காய்ந்த புல்லி வட்டங்கள்தான் இருந்தன. அடியில் நான்கு குட்டி விதைகள், சதுரத் தண்டு, எதிரெதிர் இலை. இதெல்லாம் பார்த்தால் குழந்தைகூடப் புதினாக் குடும்பம் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பூவுக்கு மகரந்தத்தாள் நான்கு, இல்லையென்றால் இரண்டு. நான் உறையைத் திறந்து ஒரு பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிளந்தேன். ஐந்து. இன்னொன்று, ஐந்து. ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன் அப்பா. அந்தக் குடும்பம் மொத்தமும் யாரிடமிருந்து பிரிந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக ஒரு பழைய உறவுக்காரி உயிரோடு கிடைத்த மாதிரி.

இப்போது சிக்கல். எனக்கு இங்கே இரண்டு வருஷத் தற்காலிக வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 27ஆம் தேதி குழு கூடி என்னை நிரந்தரமாக்குவதா, வழியனுப்புவதா என்று முடிவு செய்யும். கையில் நான் வைத்திருப்பது இந்தச் செடி ஒன்றுதான். குழுவில் ஒரு கிழவர் இருக்கிறார், எல்லாரும் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். "இலையின் மரபணு புதினாக் குடும்பம், ஒத்துக்கொள்கிறேன். உறையில் இருக்கும் பூ அதே செடியினுடையது என்பதற்கு என்ன சாட்சி?" என்கிறார். வேறு செடி தேடிப் போகவும் வழியில்லை. அது இருந்த மலைச்சரிவு அணைத் தண்ணீருக்குள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பறித்து வந்தவரும் இல்லை.

மிச்சம் நீங்கள்தான். இரண்டு வரி போதும்: "இந்த ஷீட்டை ஒட்டியவன் நான். உறையில் உள்ள பூக்கள் இதே செடியிலிருந்து உதிர்ந்தவை." கையெழுத்து, தேதி. தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துக்கொள்வார்கள். பிப்ரவரி இருபதுக்குள் வந்து சேர வேண்டும்.

என் வேலைக்கு நீங்கள் சிபாரிசுக் கடிதம் கொடுப்பீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவரா? அவரே பால்காரருக்குச் சீட்டு எழுத என்னைக் கூப்பிடுவார்" என்றாள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 2

அம்மாடி,

உன் கடிதம் வந்தது. சந்தோஷம். பதினொன்று என்று எழுதியிருந்தாய். நல்லது.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நேற்று முழுக்க ஏணியில்தான் நின்றேன். மேல் தட்டிலிருந்து ஒரு ஷீட்டுக் கட்டை எடுத்தால் அது போக வேண்டிய தட்டில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தால் அதற்கு இடமில்லை. கடைசியில் ஆறு கட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வழியாக வந்த காப்பாளர் ஐயா, "நீங்க எந்தக் குடும்பம்?" என்றார். "இன்னும் முடிவாகலைங்க" என்றேன்.

நீ கேட்ட இரண்டு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடியின் ஒரு காது கழன்றுவிட்டது. நூல் கட்டிப் போட்டிருக்கிறேன், எழுத்து மேடு பள்ளமாகத் தெரிகிறது. அதிகாரபூர்வமான கடிதம் மேடு பள்ளமாக இருக்கக் கூடாதல்லவா. அதோடு காப்பாளர் ஐயாவும் இந்த வாரம் விடுப்பு. அவரைக் கேட்காமல் அலுவலக விஷயத்தில் நானாகக் கையெழுத்துப் போடுவது சரிதானா என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். ஒரு பேச்சுக்கு, அந்தப் பூ இல்லாமல் வெறும் இலையையும் விதையையும் வைத்துக்கொண்டால் அது புதுச் செடி ஆகாதா? பூ ஒன்றை வைத்துத்தான் எல்லாமா?

அம்மா வாரம் இரண்டு தடவை தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள்.

அப்பா


பிப்ரவரி 11

அப்பா,

பூக்கும் தாவரங்களைப் பூவை வைத்து வகைப்படுத்தாமல் எதை வைத்து வகைப்படுத்துவார்கள்? முப்பத்தொரு வருஷம் அங்கே இருந்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள்.

இரண்டு வரி. கண்ணாடி இல்லாமலும் எழுதலாம். காப்பாளர் விடுப்பில் இல்லை, உங்கள் கடிதத்திலேயே முதல் நாள் வந்து உங்களிடம் பேசியிருக்கிறார். அம்மாவிடம் கேட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனாராம்.

பழசைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே படிக்க இடம் கிடைத்தபோது அந்தப் படிவத்தை ஒன்பது நாள் உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தீர்கள். கடைசி நாள் நானே பையில் கைவிட்டு எடுத்து, பேனாவை உங்கள் கையில் வைத்தேன். என் காரியம் என்று வந்தால் மட்டும் உங்களுக்குக் கை ஓடாது. நான் போவதில் உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

இருபதாம் தேதி, அப்பா. இனி நான் நினைவூட்ட மாட்டேன். காப்பாளருக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.


பிப்ரவரி 18

அம்மாடி,

படிவத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நீ போவது பிடிக்காமல் இல்லை. 'பெற்றோரின் கல்வித் தகுதி' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அதை எழுதினால் உன்னைத் தள்ளிவிடுவார்களோ என்று பயம். ஒன்பது நாள் யோசித்தும் பத்தாவது என்பதைப் பெரிதாக்க ஒரு வழியும் தெரியவில்லை. அதை விடு.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று, இது நான்காவது.

நாள் கணக்குக்குப் பதினைந்து ஷீட் ஒட்ட வேண்டும். ஒன்றைப் பசை போட்டுக் கனம் வைத்துக் காயவிட்டு, அது காய்வதற்குள் இன்னொன்றைப் பிரிப்பேன். இரண்டிலிருந்தும் உதிர்கிற பூக்களுக்கு இரண்டு கிண்ணம். இடது பக்கச் செடிக்கு இடது கிண்ணம், வலது பக்கத்துக்கு வலது கிண்ணம். இதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. மற்றவர்கள் கிண்ணத்துக்குள் சீட்டுப் போடுவார்கள். எனக்குச் சீட்டு எதற்கு என்று இருப்பேன்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மேஜைக்கு மேலே இருந்த டியூப்லைட் மின்னி மின்னி எரிந்தது. எலக்ட்ரீசியன் வந்தார். "ஏணி நிக்க இடம் வேணும், மேஜையைத் திருப்பிக்கலாமா?" என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினோம். கிண்ணம் கவிழாமல் பார்த்துக்கொண்டேன், அதில் எனக்கு ஒரே பெருமை. அவர் விளக்கைப் போட்டுவிட்டு, மேஜையை அப்படியே விட்டுப் போய்விட்டார். என் பழைய பக்கம் சுவரை ஒட்டிவிட்டதால், நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காய்ந்த ஷீட்டுகளை ஜன்னலோரத்திலிருந்து கொண்டுவந்து வழக்கம்போல முதலாவதை இடது பக்கம், அடுத்ததை வலது பக்கம் வைத்தேன். இடது கையால் இடது கிண்ணத்தை எடுத்து உறையில் போட்டேன். வலது கையால் வலது கிண்ணம்.

மேஜை திரும்பியிருந்தது, அம்மாடி. நானும் திரும்பியிருந்தேன். கிண்ணங்கள் மட்டும் என் கூடத் திரும்பவில்லை, இடது கிண்ணம் என் வலது பக்கம் வந்திருந்தது.

சாயங்காலம் நாற்காலியைப் பழைய இடத்தில் போடும்போது மனசில் ஒரு சின்ன நெருடல். மாறியிருக்குமோ? காய்ந்துபோனால் எல்லாப் பூவும் பழுப்பு நிறம்தானே, எல்லாமே அரிசியளவு. அதற்குள் ஷீட்டுகள் பூச்சி மருந்து அறைக்குப் போயிருந்தன. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கேட்டால் திட்டுவார்கள். அதற்கும் மறுநாள் கேட்டால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று இன்னும் திட்டுவார்கள். இப்படியே பதினொரு வருஷம் போய்விட்டது. நிஜமாகவே மறந்துபோயிருந்தேன். உன் படத்தில் அந்த ஐந்து காம்புகளைப் பார்க்கிறவரைக்கும்.

அன்று பக்கத்தில் ஒட்டிய மற்ற செடி தேள்கொடுக்கின் குடும்பம். அதற்குப் பூவில் ஐந்து என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஷீட் இங்கேதான் இருக்கிறது. பாகப்பிரிவினையில் அதன் அலமாரியைத் திறக்க வேண்டி வந்தது. போன வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தேன். ஆறு பூ. எல்லாம் உதடு வைத்த பூ. உன் மாதிரி எனக்குப் பிளக்கத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு காம்பு.

அந்த இரண்டு வரியை நான் எழுத முடியாது. எழுதினால் பொய். எழுதாவிட்டால் உன் வேலை. இதை எழுதி முடித்ததும் தபாலில் போடுவேனா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்பா


மார்ச் 4

அப்பா,

நீங்கள் இதைத் தபாலில் போட்டது இருபத்தைந்தாம் தேதி என்று முத்திரை சொல்கிறது. ஏழு நாள் வைத்திருந்திருக்கிறீர்கள்.

காப்பாளரின் சான்றிதழ் பத்தொன்பதாம் தேதியே மின்னஞ்சலில் வந்துவிட்டது. "எங்கள் ஒட்டுநரின் முப்பத்தொரு வருஷப் பணியில் ஒரு பிழைகூட இல்லை. உறையில் உள்ள பூக்கள் இதே செடியினுடையவை." முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. பூதக்கண்ணாடி அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து என்னிடம் கைகுலுக்கினார். இருபத்தேழாம் தேதி குழு கூடியது. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கதவில் என் பெயர்ப்பலகை மாட்டுவதற்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

அடிப்பவரிடம் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். சுத்தியல் சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் கடிதம் என்னையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுடைய மூன்றாவது கடிதமாக என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இதை நான் என்ன செய்யட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு யோசிக்க வரவில்லை. அப்பா என்ற முறையில் சொன்னாலும் சரி, ஒட்டுநர் என்ற முறையில் சொன்னாலும் சரி.


மார்ச் 15

அம்மாடி,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்றுதான். கதவைத் தட்டி, "உள்ள என்ன, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றாள்.

மறுநாள் தேள்கொடுக்கு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு காப்பாளர் ஐயா அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், மேஜை, எலக்ட்ரீசியன். அவர் உறையைப் பிரித்துப் பூவைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பழையபடி மடித்து வைத்துவிட்டார்.

"உக்காருங்க" என்றார்.

"பரவால்லங்க."

"உக்காருங்கன்னா. ஒரு நாளைக்குப் பதினஞ்சு ஷீட். முப்பத்தொரு வருஷம். பெருக்கிப் பாருங்க."

"லட்சத்துக்கு மேல வருங்க."

"இந்த ஒண்ணு தப்புன்னு எழுதிக் குடுத்தா, மிச்ச லட்சமும் சரின்னு யாரு சொல்லுவா? எத்தனை பேரு இதை நம்பிக் கட்டுரை எழுதியிருப்பாங்க?"

"இருந்தாலுங்க..."

"நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். உங்க பொண்ணு வேலையும் அதுலதான் நிக்குது. டிசம்பர்ல ஓய்வு பெறப்போறீங்க. உங்க இடத்துக்குப் போங்க."

போனேன். தண்டனை கொடுங்கள் என்று கேட்டால்கூடக் கொடுக்க ஆளில்லை. மெஷினைக் காதில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அது அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்று எழுதினேன். அதை அடித்தேன். அடித்ததையும் நீ படித்துவிடுவாயென்று மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன், பார். அதைப் பிரிக்காதே. அப்பாவாக இருந்தால் என் வாயிலிருந்து ஒன்று வருகிறது, ஒட்டுநனாக இருந்தால் இன்னொன்று. இரண்டு பேருக்கும் ஒரே வாய்தான் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அம்மாடி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டதற்கெல்லாம் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவேன், தெரியாவிட்டாலும். இதற்குச் சொல்ல முடியவில்லை.

அப்பா


ஏப்ரல் 20

அப்பா,

ஒட்டிய தாளை நான் பிரிக்கவில்லை. நன்றாகவே ஒட்டியிருந்தீர்கள்.

மார்ச் கடைசியில் உறையிலிருந்து இரண்டு பூக்களை எடுத்து மரபணுச் சோதனைக்குக் கொடுத்தேன். பூச்சி மருந்து ஏறிய பழைய பூ, பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது என்றார்கள். கிடைத்தது. தேள்கொடுக்கின் குடும்பம். நீங்கள் சொன்னது சரி.

அன்றைக்கே குழுவுக்கு எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். என் செடி இனி செடி இல்லை. பெயர் மட்டும் அழியாது. செடிகளுக்குப் பெயர் வைக்கும் எங்கள் சட்டப்படி ஒரு தடவை வெளியான பெயரை யாராலும் அழிக்க முடியாது. இன்னும் நூறு வருஷம் கழித்தும் இந்தக் கூட்டத்தை ஆராய வருகிறவர்கள் பட்டியலில் அதைப் பார்ப்பார்கள். பக்கத்தில் காரணமும் இருக்கும்: இரு வேறு செடிகளின் பாகங்கள் கலந்தது. அதற்கும் பக்கத்தில் என் பெயர்.

பூதக்கண்ணாடி நல்லவராகத்தான் பேசினார். நேர்மையாக வந்து சொன்னதை மதிக்கிறேன் என்றார். அப்புறம் எல்லாரும் சேர்ந்து, நிரந்தரம் செய்ததை ரத்து செய்துவிட்டார்கள். அக்டோபர் வரைக்கும் கீழ்த்தளக் கிடங்கில் இரட்டைப் பிரதிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. ஜன்னல் இல்லை. மற்றபடி உங்கள் அறை மாதிரிதான்.

கலந்தது யார் என்று கேட்டார்கள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'தெரியவில்லை' என்று எழுதினேன். ஒரு பொய்யைச் சுமக்க முடியாமல்தான் எல்லாவற்றையும் விட்டேன். விட்ட கையோடு ஒரு பொய் எழுதியிருக்கிறேன். இது உங்களுக்காகச் செய்ததா, அப்பாவே கலந்ததை மகளே கண்டுபிடித்தாள் என்று ஊர் சிரிக்கக் கூடாதென்று எனக்காகச் செய்ததா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபமா என்று அம்மா போனில் கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? கோபம்தான். டியூப்லைட்டுக்கு இல்லை, மேஜைக்கு இல்லை. அந்தச் சாயங்காலம் நெருடியது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு. ஒரே ஒரு சீட்டு. 'சந்தேகம்' என்று பென்சிலால் ஒரு சொல்.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள் அப்பா. நானே எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 3

அம்மாடி,

எழுதாதே என்றாய். மூன்றரை மாதம் எழுதவில்லை. இதையும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சந்தேகம் என்று வைத்துக்கொள்.

மே மாதத்திலிருந்து நான் ஒட்டிய ஷீட்டுகளின் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை. காப்பாளர் ஐயா வருவார், பார்ப்பார், ஒன்றும் பார்க்காதவர் மாதிரி ஜன்னலை மூடிவிட்டுப் போவார். காற்றில் பூ பறந்துவிடக் கூடாதென்றுதான் மூடுகிறார் என்று நினைக்கிறேன். இதுவரை இரண்டாயிரத்து முந்நூறு பார்த்தாயிற்று. இந்த வேகத்தில் போனால் முடிக்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டும். எனக்கு இருப்பது ஐந்து மாதம்.

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, அல்லது சரி மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஷீட்டைப் பார்த்தால் எனக்குச் செடி தெரியும். இப்போது எல்லாவற்றிலும் கிண்ணம்தான் தெரிகிறது. அம்மாவிடம் உப்பு எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பா என்று தினமும் கேட்கிறேனாம். "முப்பத்திரண்டு வருஷமா அதே இடம்தானே" என்று திட்டு விழுகிறது.

ஒரு ஷீட்டில் மாட்டிக்கொண்டேன். அலமாரிச் சீட்டில் நொச்சிக்கு உறவு என்று போட்டிருக்கிறது. அதுவும் இப்போது புதினாக் குடும்பத்துக்குள் வந்துவிட்டதாமே. உறையில் இரண்டே பூக்கள். வெளியிலிருந்து பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். எனக்குப் படம் வராது, பூரான் மாதிரி இருப்பதுதான் காம்பு. இங்கே யாரிடம் கேட்டாலும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்கிறார்கள். வேறு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. பதில் போடாவிட்டாலும் வருத்தமில்லை.

அப்பா


ஆகஸ்ட் 14

படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பூரானுக்கு எத்தனை கால் என்றே தெரியவில்லை.

ஒரு பூ மட்டும். வெந்நீரில் போடுங்கள், கொதிக்கிற நீரில் வேண்டாம். இதழ் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகிறவரை ஊற வேண்டும், பத்து நிமிஷமாவது ஆகும். வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு மாற்றி, இரண்டு ஊசிகளால் குழாயின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே திறக்க வேண்டும். இழுக்காதீர்கள், தள்ளுங்கள். உள்சுவரில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். தடவை தடவையாக எண்ணி எழுதுங்கள். நீளத்தையும் எழுதுங்கள், இரண்டு குட்டையா எல்லாம் சமமா என்று.

கிண்ணத்தில் சீட்டுப் போடுங்கள்.

அக்டோபர் வரை கிடங்கு முகவரிக்கே எழுதலாம்.


ஆகஸ்ட் 26

அம்மாடி,

நீ சொன்னபடியே செய்தேன். காலை பத்து மணி வெளிச்சத்தில், ஜன்னல் மூடி, மின்விசிறி நிறுத்தி. உன் அம்மாவின் இரண்டு தையல் ஊசிகள். கை நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். குழாய் திறந்தது. உள்ளே இப்படி நூல் நூலாக ஒரு வீடு இருக்குமென்று முப்பத்தொரு வருஷத்தில் எனக்குத் தெரியாது. எவ்வளவு பூவைக் குப்பை மாதிரி உறையில் தள்ளியிருக்கிறேன்.

மூன்று தடவை எண்ணினேன். நான்கு. இரண்டு நீளம், இரண்டு குட்டை.

நான்கு என்றுதான் எழுதப் போனேன். ஆனால் நான் ஊசி வைத்துத் திறந்த ஓரத்தில், சுவரில் ஒரு சின்னத் தழும்பு மாதிரி இருக்கிறது. அங்கே ஐந்தாவது ஒன்று இருந்து நான் தள்ளும்போது போய்விட்டதா, முதலிலிருந்தே தழும்பு மட்டும்தானா என்று சொல்லத் தெரியவில்லை. தட்டில் தேடினேன், தண்ணீரில் தேடினேன், ஊசி முனையில், மேஜையில், என் விரல் நகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

உறையில் இன்னும் ஒரு பூ இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. அக்டோபருக்குப் பிறகு நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். எங்கே போனாலும் நடுவில் ஒரு நாள் இங்கே வா. அதை நீ திற.

அப்பா